போகும் ஊரை முதலில் எழுதுங்கள்

முதல் பயண கார்டு எடுக்கப்போகும் இளம் ஊழியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ சரவணம்பட்டியிலோ வேலைக்குச் சேர்ந்து, சம்பளம் ஒரு நிலைக்கு வந்ததுமே அந்த அழைப்பு உங்களைத் தேடி வந்துவிடுகிறது. “சார், உங்க பேர்ல டிராவல் கார்டு அப்ரூவ் ஆகியிருக்கு. லவுஞ்ச் ஃப்ரீ, ஃபிளைட் டிக்கெட்டுக்கு பாயிண்ட்ஸ் சேரும், இன்னிக்கே எடுத்துக்கிட்டா ஜாயினிங் ஃபீ கிடையாது.” மால் வாசலிலும் விமான நிலையத்திலும் மேசை போட்டு இதையே சொல்கிறார்கள். எடுக்கலாமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். எடுக்கலாம். சரியாகத் தேர்ந்தெடுத்து, ஒழுங்காகப் பணம் கட்டுகிறவருக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் உண்மையாகவே மிச்சமாகும். தேர்வு பிசகினால் அதைவிடப் பெரிய தொகை கட்டணமாகவும் வட்டியாகவும் கையை விட்டுப் போகும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கார்டு நல்லது என்று தேடுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் எப்படியும் போகப்போகும் ஊர்களை ஒரு பக்கம் எழுதுங்கள். கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்யத்தான் போகிற செலவுகளை மறுபக்கம் எழுதுங்கள். வங்கி விளம்பரம் மாலத்தீவைக் காட்டும். உங்கள் தாளில் இருப்பது மதுரையும் பெங்களூருவும் என்றால், கார்டு மதுரைக்கும் பெங்களூருவுக்கும்தான் வேண்டும்.

நம்மில் பெரும்பாலோருக்கு அந்தத் தாளில் முதலில் வருவது ரயில். பொதிகையிலும் பாண்டியனிலும் சேரனிலும் மாதம் ஒருமுறை ஊருக்குப் போய் வருகிறவர், விமான டிக்கெட்டுக்கான மைல் தரும் கார்டை எடுத்து என்ன செய்வது? ஐ.ஆர்.சி.டி.சி.யும் எஸ்.பி.ஐ. கார்டும் சேர்ந்து தருகிற கார்டு இவருக்காகவே வந்தது. ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் ஏ.சி. வகுப்பு டிக்கெட் போட்டால் 10 சதவீதம் வரை பாயிண்டாகத் திரும்பி வரும். அந்தப் பாயிண்டிலேயே அடுத்த டிக்கெட் போடலாம். போகவர மூன்றாம் ஏ.சி.யில் மாதம் 2,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 24,000. திரும்பி வருவது அதிகபட்சம் 2,400 ரூபாய். இதன் சாதாரண வகைக்குச் சில நூறு ரூபாய்தான் கட்டணம் என்பதால் கணக்கு கட்டிவரும். ஆனால் ஸ்லீப்பரில் போகிறவருக்கு இந்த விகிதம் கிடையாது. ஒரே கார்டு, ஒருவருக்கு லாபம், பக்கத்து மேசைக்காரருக்கு வீண். ‘சிறந்த கார்டு எது’ என்ற கேள்விக்குப் பொதுவான பதில் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

அடுத்து ஆண்டுக் கட்டணம். நடுத்தரப் பயண கார்டு ஒன்றுக்குக் கட்டணம் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 5,900. கார்டு உங்கள் செலவில் இரண்டு சதவீதத்தைத் திருப்பித் தருகிறது. அப்படியானால் 2,95,000 ரூபாய் செலவழித்தாலே போட்ட காசு வந்துவிடுகிறதே என்று தோன்றும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கட்டணமே இல்லாத ஒரு சாதாரணக் கார்டு ஒரு சதவீதம் தரும் என்றால், 5,900 ரூபாய் கொடுத்து நீங்கள் வாங்குவது அதற்கு மேலே உள்ள ஒரு சதவீதத்தை மட்டுமே. போட்ட காசு வர 5,90,000 ரூபாய் செலவழிக்க வேண்டும். லாபம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். உங்கள் தாளில் அவ்வளவு செலவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இலவசக் கார்டே உங்களுக்கு நல்ல கார்டு.

‘இவ்வளவு செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி’ என்ற சலுகைக்கும் இதே அளவுகோல்தான். அந்த இலக்கு உங்கள் வழக்கமான செலவுக்குள் அடங்கினால் நல்லது. இலக்கை எட்டுவதற்காகத் தேவையில்லாத ஒரு ஃபோன் வாங்குவீர்கள் என்றால், தள்ளுபடியைவிட ஃபோனின் விலைதான் பெரிது. சேரும்போது தருகிற வரவேற்பு பாயிண்டுகளையும் தனியே வையுங்கள். அவை ஒரே ஒருமுறை வருபவை. முதல் ஆண்டுக் கணக்கு வேறு, இரண்டாம் ஆண்டுக் கணக்கு வேறு. இரண்டாம் ஆண்டிலும் லாபம் தருகிற கார்டைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாயிண்ட் விகிதத்தைப் படிக்கும்போது ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: ஒரு பாயிண்டுக்கு எத்தனை பைசா? 2023-ல் ஃபெடரல் வங்கியோடு சேர்ந்து வந்த ஸ்காப்பியா கார்டு, செலவுக்குப் பத்து சதவீதம் காயின் தருவதாக அறிவித்தது. ஐந்து காயினுக்கு ஒரு ரூபாய் மதிப்பு. அதாவது உண்மையில் கிடைப்பது இரண்டு சதவீதம். இரண்டு சதவீதம் மோசமில்லை; கட்டணமில்லாத கார்டுக்கு நல்ல விகிதமே. ஆனால் பத்து என்று நினைத்து எடுப்பதும் இரண்டு என்று தெரிந்து எடுப்பதும் ஒன்றல்ல. ‘ஐந்து மடங்கு, பத்து மடங்கு’ என்று வரும் சலுகைகளுக்கும் மாத உச்சவரம்பு இருக்கும். அவை பெரும்பாலும் வங்கியின் சொந்தத் தளத்தில் டிக்கெட் போட்டால்தான் பொருந்தும். அந்தத் தளத்தில் காட்டும் விலையை விமான நிறுவனத்தின் தளத்தில் காட்டும் விலையோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். டிக்கெட்டில் 600 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 500 ரூபாய்க்குப் பாயிண்ட் வாங்குவதில் பயனில்லை.

எந்தச் செலவுக்குப் பாயிண்ட் கிடையாது என்ற பட்டியலையும் படித்துவிடுங்கள். பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது, இ.எம்.ஐ., அரசுக்குக் கட்டும் வரி ஆகியவற்றுக்குப் பெரும்பாலான கார்டுகள் பாயிண்ட் தருவதில்லை. இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்குப் பலவற்றில் வரம்பு உண்டு. பல கார்டுகளில் நகைக்கடைச் செலவும் சேராது. அக்கா கல்யாணத்துக்கு நகை வாங்கும்போது மைலாகக் குவித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், முதலில் இந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். உங்கள் சம்பளத்தில் பெரும்பகுதி வாடகைக்கும் பெட்ரோலுக்கும் போகிறதென்றால், எந்தக் கார்டும் அந்தப் பணத்துக்குப் பெரிதாக எதையும் தரப்போவதில்லை.

தாளில் சிங்கப்பூரோ கோலாலம்பூரோ கொழும்போ இருந்தால் கணக்கு மாறும். வெளிநாட்டில் கார்டைத் தேய்க்கும்போது நம் வங்கிகள் பல நாணய மாற்றத்துக்கான கூடுதல் கட்டணமாக (ஃபாரெக்ஸ் மார்க்அப்) 3.5 சதவீதம் எடுக்கின்றன. அதற்கு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 4.13 சதவீதம். ஒரு லட்ச ரூபாய் செலவுக்கு 4,130 ரூபாய். அதே கார்டு இரண்டு சதவீதம் பாயிண்ட் தந்தாலும் 2,130 ரூபாய் நட்டம்தான். மார்க்அப்பே இல்லாத கார்டுகள் நம் நாட்டில் இப்போது சில இருக்கின்றன. வெளிநாடு போகிறவருக்கு லவுஞ்சைவிடப் பெரிய சலுகை இது. இன்னொன்றும் உண்டு. கடையிலோ ஓட்டலிலோ மெஷின் ‘ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர் நாணயத்திலா’ என்று கேட்கும். உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தை அந்தக் கடைக்குச் சேவை தரும் நிறுவனம் தன் விருப்பப்படி போடும். அதற்கு மேல் நம் வங்கிகள் பலவும் ஒரு சதவீதம் தனியாக எடுக்கும். மார்க்அப் இல்லாத கார்டு கையில் இருந்தும் அந்தச் சலுகை பலிக்காமல் போவது இந்த ஒரு பொத்தானில்தான்.

பாயிண்டை விமான நிறுவனங்களின் மைலாக மாற்றும் கார்டுகளைப் பற்றித்தான் உங்களில் பலர் ஆர்வமாகப் பேசுகிறீர்கள். அதில் மதிப்பு உண்டு. அளக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு டிக்கெட்டின் விலை 18,000 ரூபாய். அதையே மைலில் எடுத்தால் 12,000 மைலும் வரியாக 4,800 ரூபாயும் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலையிலிருந்து வரியைக் கழித்தால் 13,200. அதை 12,000-ஆல் வகுத்தால் ஒரு மைலுக்கு 1 ரூபாய் 10 பைசா. நாளுக்கு நாள், பாதைக்குப் பாதை இந்த எண் மாறும். நிலையான மதிப்பு வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது: அக்கோர் ஓட்டல் குழுமத்தின் திட்டத்தில் 2,000 பாயிண்டுக்கு 40 யூரோ கழிப்பார்கள். கணக்கு எளிது, ஏமாற்றம் குறைவு.

பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டை மைலில் எடுத்து ‘ஒரு மைலுக்கு நாலு ரூபாய் கிடைத்தது’ என்று நண்பர்கள் சொல்வார்கள். இரண்டு லட்ச ரூபாய் கொடுத்து நீங்கள் அந்த இருக்கையை வாங்கியே இருக்க மாட்டீர்கள் என்றால், உங்களுக்கு மிச்சமானது இரண்டு லட்சம் அல்ல. எகானமியில் கொடுத்திருக்கக்கூடிய தொகைதான் மிச்சம். வசதியாகப் பயணம் செய்யுங்கள், அதில் தவறே இல்லை. கணக்கை மட்டும் நேராக வையுங்கள். வங்கியிலிருந்து மைலாக மாற்றியதைத் திரும்பப் பெற முடியாது என்பதையும், சில மாற்றங்களுக்குப் பல நாட்கள் ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள். இருக்கை இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாற்றுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் உங்கள் மைலைப் பயன்படுத்த ஐந்து பேர் வரை நாமினியாகச் சேர்க்கலாம். அதில் அப்பா அம்மா பெயரைச் சேர்த்துவையுங்கள். அவர்களின் முதல் விமானப் பயணத்துக்கு அந்த மைல் உதவினால் அதைவிட நல்ல பயன் வேறில்லை.

மைலைப் பல ஆண்டு சேர்த்து வைத்து ஒரு பெரிய பயணம் போகலாம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பாயிண்ட் நம் சேமிப்பு அல்ல. வங்கியும் விமான நிறுவனமும் தாமே அச்சடித்து, தாமே விலை வைக்கிற நாணயம் அது. 2019 ஏப்ரல் 17-ம் தேதி ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் இன்டர்மைல்ஸ் என்ற பெயரில் பிழைத்தது. ஆனால் எந்த விமானத்துக்காகச் சேர்த்தார்களோ அந்த விமானம் இல்லை. 2024 நவம்பர் 12-ம் தேதி விஸ்தாரா விமான நிறுவனம் ஏர் இந்தியாவோடு இணைந்தது. விஸ்தாரா பெயரில் பல வங்கிகள் தந்த கார்டுகளுக்கு அடிப்படையே போயிற்று. 2023 மார்ச்சில் சிட்டி வங்கியின் இந்தியச் சில்லறைச் சேவைகளை ஆக்சிஸ் வாங்கியது. நெடுங்காலம் பயணிகள் விரும்பிய பிரீமியர்மைல்ஸ் கார்டு அடுத்த ஆண்டு வேறு பெயரில், வேறு விதிகளோடு வந்தது.

இவற்றையெல்லாம்விடத் தெளிவான பாடம் ஆக்சிஸ் மேக்னஸ். மாதம் ஒரு லட்ச ரூபாய் செலவழித்தால் 25,000 பாயிண்ட் கூடுதலாகத் தந்த கார்டு அது. ஐந்து பாயிண்டுக்கு நான்கு மைல். 2023 செப்டம்பர் 1 முதல் அந்த மாதச் சலுகை நின்றது. சாதாரண மேக்னஸ் கார்டில் ஐந்து பாயிண்டுக்கு இரண்டு மைல் என்று விகிதம் பாதியானது. ஆண்டுக் கட்டணம் 10,000-லிருந்து 12,500 ரூபாயாக உயர்ந்தது. கையில் சேர்த்து வைத்திருந்தவர்களின் பாயிண்டுகளும் அதோடு பாதி மதிப்பாயின.

இப்படி நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரர் சுமார் இரண்டு சதவீதம் கட்டணமாகக் கொடுக்கிறார். அதில் ஒரு பங்குதான் கார்டு தந்த வங்கிக்கு வருகிறது. உங்கள் பாயிண்டும் அதிலிருந்துதான் வர வேண்டும். ஒரு கார்டு எல்லாச் செலவுக்கும் ஐந்தாறு சதவீதம் தருகிறதென்றால் மிச்சத்தை வங்கி வேறெங்கிருந்தோ ஈடுகட்டுகிறது. ஆள் சேரும் வரை அது நடக்கும். பிறகு விதி மாறும். தாராளமாகத் தருகிற கார்டைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஆனால் அது நீடிக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். அரைத்த மாவைப் போல, சேர்ந்த பாயிண்டை உரிய காலத்தில் செலவழித்துவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கைக் காலி செய்யுங்கள்.

லவுஞ்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘இலவச லவுஞ்ச்’ இப்போது பெரும்பாலும் நிபந்தனையோடு வருகிறது. 2024 ஏப்ரல் முதல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி தன் கார்டுகள் பலவற்றில் முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவழித்திருக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு மே முதல் ஆக்சிஸ் வங்கி பல கார்டுகளுக்கு 50,000 என்றது. லவுஞ்சுக்கு மதிப்புப் போடும்போது, அது இல்லாவிட்டால் விமான நிலையத்தில் நீங்கள் காபிக்கும் டிபனுக்கும் எவ்வளவு கொடுத்திருப்பீர்களோ அதை மட்டும் போடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை பறக்கிறவருக்கு அந்தத் தொகை சிறியது.

இனி நான் சொல்வதற்கு மேலே சொன்ன எல்லாவற்றையும்விடக் கனம் அதிகம். ஸ்டேட்மென்டில் இரண்டு தொகை இருக்கும்: மொத்தத் தொகை, மினிமம் டியூ எனும் குறைந்தபட்சத் தொகை. 50,000 ரூபாய் பில்லில் மினிமம் டியூ 2,500 என்று வைத்துக்கொள்வோம். அதை மட்டும் கட்டினால் மீதி 47,500. மாத வட்டி 3.75 சதவீதம் என்றால் 1,781 ரூபாய், ஜி.எஸ்.டி.யோடு 2,100-ஐத் தொடும். கட்டிய 2,500-ல் பெரும்பகுதி வட்டிக்கே சரியாகிவிடும். இரண்டு சதவீதம் தருகிற கார்டில் ஒரு லட்ச ரூபாய் செலவழித்துச் சேர்த்த பாயிண்டின் மதிப்பு 2,000. ஒரு மாதம் தவறினால் அது மொத்தமும் போய்விடும். முழுத் தொகையைக் கட்டாதவருக்கு அடுத்து வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதம் 3.75 என்றால் ஆண்டுக்கு 45 சதவீத வட்டி இது. 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் கிரெடிட் கார்டு வட்டிக்கு 30 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. 2024 டிசம்பர் 20-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. ஆக, சட்டம் உங்களுக்காக ஒரு வரம்பு வைத்திருக்கிறது என்று நம்பியிருக்க வேண்டாம்.

ஆகவே கார்டு கைக்கு வந்த அன்றே முழுத் தொகைக்கு ஆட்டோ டெபிட் போடுங்கள். மினிமம் டியூவுக்குப் போடாதீர்கள். மாதாமாதம் முழுசாகக் கட்ட முடியுமா என்ற சந்தேகம் மனதில் இருந்தால், பயண கார்டு எடுக்கும் காலம் இன்னும் வரவில்லை. கார்டில் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கவே கூடாது. அதற்கு முதல் நாளிலிருந்தே வட்டி.

உங்களுக்கு உரிமைகளும் உண்டு, அவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் கிரெடிட் கார்டு விதிமுறைகளின்படி, கேட்காமல் கார்டு தரக்கூடாது. கட்டணத்தை மாற்றினால் குறைந்தது ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். வங்கியிடம் புகார் கொடுத்து முப்பது நாளில் சரியான பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சலுகை குறைந்த கார்டை, ‘எடுத்துவிட்டோமே’ என்று வைத்துக்கொண்டிருக்க அவசியமில்லை. அடுத்த ஆண்டுக் கட்டணம் விழுவதற்கு முன் பாயிண்டைச் செலவழித்துவிட்டு மூடிவிடுங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நண்பரைச் சேர்த்துவிட்டால் பாயிண்ட் என்று பல கார்டுகள் ரெஃபரல் தருகின்றன. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு கார்டைப் புகழ்ந்து லிங்க் போட்டால், அதில் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள். நீங்கள் லிங்க் போடும்போது அதை நீங்களே சொல்லிவிடுங்கள். வங்கிக்கு வட்டியாக வருகிற பணம், மினிமம் டியூ மட்டும் கட்டிச் சமாளிக்கிறவர்களின் சம்பளத்திலிருந்து வருகிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு உங்கள் பாயிண்டுக்கும் போகிறது. உங்களுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த, ஊருக்குப் பணம் அனுப்புகிற, கல்விக் கடன் இன்னும் தீராத ஒரு தம்பியோ தங்கையோ உங்களிடம் கார்டு கேட்டு வந்தால், முழுத் தொகையையும் மாதாமாதம் கட்ட முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால், உங்களுக்குக் கிடைக்கவிருக்கும் ரெஃபரல் பாயிண்டை விட்டுவிட்டு, ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சகோதரன்